மீன் தொட்டி ஃபில்டர்ல மாசாமாசம் எல்லாத்தையும் மாத்தணுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மீன் வளக்குறத பத்தி பேப்பர்ல வந்தாலே என்ன மீன் வாங்கலாம், என்ன தீனி போடலாம்னுதான் வருது, ஃபில்டருக்குள்ள என்ன போடணும்னு யாரும் எழுதுறதே இல்ல, அதனால புதுசா தொட்டி வைக்கிறவங்க கடையில சொல்றத அப்படியே நம்பிடுறாங்க. போன வாரம் கொளத்தூர்ல ஒரு கடையில என் முன்னாடியே ஒரு காலேஜ் பையன்கிட்ட "ஸ்பாஞ்ச், கார்பன், செராமிக் ரிங் மூணையும் மாசம் ஒருக்கா தூக்கிப் போட்டுட்டு புதுசு போடு தம்பி"ன்னு சொல்றாங்க.

கார்பன் சரி, அது சில வாரத்துல தீந்துடும். மருந்து போட்ட தண்ணிய சுத்தம் பண்ணவும் மஞ்சள் கலரை எடுக்கவும்தான் அது, எப்பவும் போட்டு வைக்கணும்னு கூட இல்ல. ஆனா ஸ்பாஞ்சையும் ரிங்கையும் எதுக்கு தூக்கிப் போடணும்? மீன் விடுற அம்மோனியாவ நைட்ரைட்டாவும் அப்புறம் நைட்ரேட்டாவும் மாத்துற பாக்டீரியா ஒட்டிட்டு இருக்கிறதே அதுலதான், புது தொட்டியில அது செட் ஆக நாலு வாரத்துல இருந்து ஆறு வாரம் ஆகும், மாசாமாசம் தூக்கிப் போட்டா எப்பதான் செட் ஆகும் சொல்லுங்க. அந்த பாக்டீரியா இல்லாம அம்மோனியா தேங்கினா நம்ம ஊர்ல ஆபத்து இன்னும் ஜாஸ்தி, போர் தண்ணில பிஎச் (தண்ணியோட அமில-கார அளவு) 8 எல்லாம் சர்வ சாதாரணம், 7ல இருக்கிறதோட ஒப்பிட்டா அம்மோனியால விஷமா இருக்கிற பங்கு அங்க கிட்டத்தட்ட பத்து மடங்கு.

ஸ்பாஞ்ச் அடைச்சுக்கிச்சுன்னா தொட்டித் தண்ணியவே ஒரு பக்கெட்ல எடுத்து அதுல பிழிஞ்சா போதும், டீ டிகாஷன் மாதிரி கருப்பா இறங்கும், ரெண்டு மூணு தடவ பிழிஞ்சதும் தண்ணி தாராளமா போக ஆரம்பிக்கும், பளபளன்னு ஆக்கணும்னு குளோரின் போட்ட மெட்ரோ தண்ணியில அலசிடாதீங்க, பாக்டீரியா செத்துடும். கிழியுற வரைக்கும் அதே ஸ்பாஞ்ச் ஓடும்.

இன்னொண்ணு ஜியோலைட், ஃபில்டர்ல போடுற ஒரு வகை கல். அம்மோனியாவ இழுத்துக்கும், அவசரத்துக்கு நல்லதுதான். ஆனா மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்துச்சுன்னு நம்மாளுங்க உடனே கல் உப்பு போடுவாங்க இல்லையா, உப்பு பட்டதும் ஜியோலைட் பிடிச்சு வச்சிருந்த அம்மோனியாவ திரும்ப தண்ணியில விட்டுடும், மீன் செத்ததும் நோய்தான் கொன்னுச்சுன்னு நினைச்சுக்குவாங்க. இத பாக்கெட் மேல தமிழ்ல எழுதி ஒட்டினா என்ன கொறஞ்சு போயிடும்?

மொட்டை மாடியில சிமெண்ட் தொட்டி கட்டி கோய் மீன் விட்டிருக்கவங்க முதல்ல அழுக்கைப் பிடிக்க பிரஷ்ஷோ முரட்டு ஸ்பாஞ்சோ வச்சுட்டு, அதுக்கு அடுத்த டிரம்ல கே1 மாதிரி மிதக்குற மீடியாவ (பாக்டீரியா ஒட்டி வளர்ற சின்னச் சின்ன பிளாஸ்டிக் துண்டு) போட்டு ஏர் பம்ப் விட்டா அது உருண்டுகிட்டே தன்னையே தேச்சு சுத்தமாகிக்கும். காசு இல்லன்னா கே1க்கு பதிலா பாத்திரம் தேய்க்கிற பிளாஸ்டிக் ஸ்க்ரப்பர் போதும், சோப்பு படாத புதுசா இருக்கணும் அவ்ளோதான். அப்புறம் தண்ணி பச்சையாயிடுச்சுன்னு மேல மேல மீடியா வாங்காதீங்க, அது பாசி, அதுக்கு நிழல் வலையோ யூவி லைட்டோதான் வேணும்.

கடைக்காரங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். புதுசா தொட்டி வாங்குறவங்களுக்கு, நோய் இல்லாத உங்க தொட்டியில ஓடிட்டு இருக்கிற பழைய ஸ்பாஞ்சுல ஒரு துண்டு வெட்டி, தண்ணியோட கவர்ல போட்டுக் குடுங்க. அது கூட இருந்தா அவங்க தொட்டி சீக்கிரம் செட் ஆகிடும், உங்களுக்கும் செலவு ஒண்ணும் இல்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வில்லிவாக்கம், சென்னை