எத்தனை பேப்பர்னு மட்டும் போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நம்ம தமிழ்ப் புள்ளைங்க ஆராய்ச்சியில பேர் வாங்குனா நீங்க விடாம செய்தி போடுறீங்க, அதுக்கு முதல்ல நன்றி. ஆனா கார்பன் டை ஆக்சைடு பிடிக்கிற ஆராய்ச்சின்னு வந்தா, இத்தனை பேப்பர், அதாவது ஆராய்ச்சிக் கட்டுரை, எழுதியிருக்காரு, இத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்காங்கன்னு எண்ணிக்கையோட முடிச்சிடுறீங்க. அந்தக் கட்டுரைக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு வரி கூட இல்ல, அதான் எனக்கு மனசு கேக்கல.

நான் சிங்கப்பூர் ஜூரோங் தீவுல 26 வருஷம் டெக்னீசியனா இருந்தவன், கேஸ் சுத்தம் பண்ற அமீன் யூனிட்ல. அமீன்ங்கிறது கார்பன் டை ஆக்சைடைப் புடிச்சுக்கிற ஒரு ரசாயனம். இப்ப புகையிலருந்து கார்பன் டை ஆக்சைடைப் புடிக்கிறதை கார்பன் கேப்சர்னு பேசுறாங்களே, அதுல ரொம்ப பழைய வழி இந்த அமீன்தான், 1930லயே அமெரிக்காவுல பேட்டன்ட் வாங்கிட்டாங்க. டவர் மேலருந்து அமீன் கலந்த தண்ணி இறங்கும், கீழருந்து கேஸ் ஏறும், வழியில கார்பன் டை ஆக்சைடை அமீன் புடிச்சுக்கும், அப்புறம் அதை இன்னொரு டவருக்கு அனுப்பி 120 டிகிரி கிட்ட சூடு பண்ணா புடிச்சத விட்டுடும், அமீன் திரும்ப முதல் டவருக்கே போயிடும். செலவு பெருசா ஆகுறது அந்த சூட்டுக்குத்தான். அதோட அமீன் கெட்டும் போகும். புதுசுல தண்ணி மாதிரி இருக்கும், நாளாக நாளாக சாம்பிள் பாட்டில்ல பார்த்தா டீ நிறம், அப்புறம் பால் ஊத்தாத கோப்பி ஓ நிறம், பாட்டிலை ஆட்டுனா நுரை அடங்கவே அடங்காது, அதைப் பார்த்தாலே டவர் தொல்லை குடுக்கப் போகுதுன்னு எங்களுக்குத் தெரிஞ்சிடும். புகைபோக்கியில வர்ற கேஸ்ல ஆக்சிஜனும் இருக்கும், அதனால இன்னும் சீக்கிரமா கெடும்.

என் தம்பி மக இதே துறையில பிஎச்டி முடிச்சவ. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தப்ப அவ எழுதுன பேப்பர் லிஸ்டைக் காட்டுனா, ஏழு இருந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் என்ன கேஸ் விட்ட, எத்தனை மணி நேரம் ஓட்டுன, ஈரம் இருந்துச்சான்னு கேட்டேன். ஆறுல சிலிண்டர்ல வர்ற காய்ஞ்ச கேஸ்தான். ஒண்ணுலதான் ஈரமான கேஸ், அதுல கார்பன் டை ஆக்சைடு புடிக்க அவ செஞ்ச பொருள் புடிக்கிற அளவு பாதியா இறங்கிடுச்சு, அதை மறைக்காம அப்படியே எழுதியிருக்கா. அந்தப் பேப்பரைத்தான் யாருமே மேற்கோள் காட்டல, லிஸ்ட் கடைசியில தள்ளி வச்சிருந்தா. அம்மாடி இதைத்தான் நீ முதல்ல வைக்கணும்னு சொன்னேன்.

ஏன்னா நம்ம ஊர் கரண்ட்ல 95 சதவீதம் இயற்கை எரிவாயுவுலருந்து வருது. அதோட புகையில கார்பன் டை ஆக்சைடு 4 சதவீதம் பக்கம்தான், நிலக்கரி புகையில மாதிரி 12, 14 கிடையாது, மீதியில நீராவி நிறைய. சியோலைட் 13எக்ஸ்னு உள்ள பொடிப்பொடி ஓட்டை இருக்கிற ஒரு பொருள் காய்ஞ்ச கேஸ்ல பிரமாதமா புடிக்கும், ஈரம் வந்துட்டா தண்ணி முந்திக்கிட்டு உள்ள உட்கார்ந்துக்கும். அதனால சுத்தமான கேஸ்ல வந்த நம்பரை வச்சு நம்ம பிளாண்டுக்கு எதுவும் சொல்ல முடியாது.

எண்ணிக்கையாவது சரியா இருக்குமான்னா அதுவும் இல்ல. நமக்கு குடும்பப் பேர் கிடையாது, அப்பா பேர்தான், ஒரு பேப்பர்ல அது முழுசா வரும் இன்னொண்ணுல இனிஷியல் மட்டும் வரும், கம்ப்யூட்டர் ரெண்டு ஆளுன்னு நினைச்சுக்கும். அவ பேப்பர்ல மூணு என் தம்பி பேர்ல கிடந்துச்சு, ஆராய்ச்சி பண்றவங்களுக்கு ஆளுக்கொண்ணா குடுக்கிற 16 இலக்க ஆர்கிட் நம்பர் எடுத்து எல்லாத்தையும் அதுல சேர்த்தப்புறம்தான் ஒரே இடத்துக்கு வந்துச்சு. ஆராய்ச்சியாளரை எடை போட எச்-இண்டெக்ஸ்னு ஒரு நம்பர் சொல்றாங்களே, 2005ல ஹிர்ஷ்ங்கிற இயற்பியல்காரர் கொண்டுவந்தது, 20ன்னா குறைஞ்சது 20 மேற்கோள் வாங்குன பேப்பர் 20 இருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான். டவர் எத்தனை நாள் ஓடுச்சுன்னு அதுல தெரியாது. ஒரு பேப்பரோட மதிப்பு உடனே தெரிஞ்சிடாதுங்கிறதுக்கும் உதாரணம் இருக்கு. 2025ல வேதியியல் நோபல் வாங்குன மூணு பேர்ல ராப்சன் ஒருத்தர், உள்ள ஓட்டை ஓட்டையா இருக்கிற உலோகக் கூடு மாதிரி பொருளுக்காக, அவர் மெல்பர்ன்ல அதை எழுதுனது 1989ல. 36 வருஷம் ஆயிருக்கு பாருங்க.

கார்பன் டை ஆக்சைடு விடுற பெரிய ஆலைங்க கட்டுற கார்பன் வரி 2019ல டன்னுக்கு 5 வெள்ளியா இருந்துச்சு, 2024ல 25, 2026ல 45. பிடிச்சாலும் பூமிக்கடியில வைக்க நம்ம தீவுல தோதான இடமும் இல்ல. இவ்வளவு காசு சம்பந்தப்பட்ட விஷயத்துல எது வேலைக்கு ஆகும் எது ஆகாதுன்னு படிக்கிறவங்களுக்குத் தெரியணும்ங்க.

அடுத்த தடவை நிருபர் பேட்டிக்குப் போறப்ப ஒரே ஒரு பேப்பரை எடுத்து, என்ன கேஸ், ஈரம் உண்டா, எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு கேட்டு அந்தப் பதிலையும் போடச் சொல்லுங்க. அவங்களுக்கு இந்த டவர், அமீன் சமாச்சாரம் புரியலன்னா எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க, பக்கத்துல உட்கார வச்சு படம் போட்டே காட்டுறேன், ரிட்டயர் ஆகி வீட்லதான் இருக்கேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டெக்னீசியன்,
ஜூரோங் வெஸ்ட்