முதல் தட்டோடு நிறுத்திய நாள்

அன்புள்ள கதிர்,

நம் கெய்தர்ஸ்பர்க்கில் இருந்த கடலுணவுக் கடை ரெட் லாப்ஸ்டரை மூடிவிட்டார்கள் என்று 2024 மே மாதமே ஃபோனில் சொன்னேன். "அப்படியாப்பா" என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். எனக்கு அது மனதிலேயே நின்றுவிட்டது. நேற்று அந்தப் பக்கம் போனபோது காரை ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் ஃபோனில் சொல்ல வராத ஒன்று இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

1996இல் அமெரிக்காவுக்கு வந்த புதிதில் வெளியே போய்ச் சாப்பிட எங்களுக்குப் பயம். மெனுவைக் கொடுத்தால் பாதி புரியாது, பில் எவ்வளவு வருமோ தெரியாது. அந்தக் கடையில் அப்படி இல்லை. படம் போட்டிருப்பார்கள், பக்கத்திலேயே விலை இருக்கும், குழந்தையோடு போனால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். 1968இல் பில் டார்டன் என்பவர் ஃப்ளோரிடாவில் லேக்லாந்து என்ற ஊரில் தொடங்கிய கடை அது. லேக்லாந்து கடற்கரை ஊர்கூட இல்லை. கடலை விட்டுத் தள்ளி இருக்கிற சாதாரணக் குடும்பமும் உட்கார்ந்து மீனும் இறாலும் சாப்பிடலாம் என்பதுதான் அந்தக் கடையின் பலம் என்று எனக்குத் தோன்றும். மீன் பிடிக்காதவருக்கு மாட்டுக்கறி ஸ்டேக். ஒரே மேசையில் ஆளுக்கு ஒன்று.

வாசலில் இருந்த கண்ணாடித் தொட்டி நினைவிருக்கிறதா? ஐந்து வயதில் அதை விட்டு நகர மாட்டாய். லாப்ஸ்டரின் இரண்டு பெரிய இடுக்கிகளிலும் ரப்பர் பேண்ட் போட்டிருப்பார்கள். "அதுக்கு வலிக்காதாப்பா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாய். நானும் உன்னோடு நின்று பார்ப்பேன். நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தும் நான் சிங்கி இறாலைச் சாப்பிட்டதே இல்லை. நம் ஊர் சிங்கிக்கு இந்த இடுக்கி கிடையாது, நீள மீசைதான். வலையில் விழுந்தால் நேரே ஏற்றுமதிக்காரர் கைக்குப் போய்விடும். எங்கள் வாசலுக்குக் கூடையில் வந்தது வெள்ளை இறாலும் பொடி மீனும்தான். அதை அப்பாயி சின்ன வெங்காயம் போட்டுத் தொக்கு வைத்தால் தெருவே மணக்கும்.

அம்மா எப்போதும் இறால் ஸ்கேம்பிதான் கேட்பாள். பூண்டும் வெண்ணெயும் இருப்பதால் ஒருவிதத்தில் நம் சமையல் என்பாள். சூடாகக் கூடையில் வரும் சீஸ் பிஸ்கட்டை நீ சாப்பாடு வருமுன்பே மூன்று தின்றுவிடுவாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2007 செப்டம்பர், உன் பதினாறாவது பிறந்தநாள். ஒரே விலைக்கு எத்தனை தட்டு இறால் வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்ற எண்ட்லெஸ் ஷ்ரிம்ப் அப்போதெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை, அந்தச் சமயத்தில்தான் வரும். உன் பிறந்தநாளுக்கு அதுவே நமக்கு வழக்கமாகியிருந்தது. நானும் நீயும் போட்டி போடுவோம், நான்கு தட்டு, ஐந்து தட்டு என்று. அன்றைக்கு நீ மெனுவை மூடி வைத்துவிட்டு சர்லாயின் ஸ்டேக் கேட்டாய். எப்படி வேக வைக்கட்டும் என்று பரிமாறிய பெண் கேட்டதும் "மீடியம்" என்றாய்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. என் இறால் வந்தது. முதல் தட்டோடு நிறுத்திவிட்டேன். அடுத்த தட்டு கொண்டுவரட்டுமா என்று அந்தப் பெண் இரண்டு முறை வந்து கேட்டாள், சமையலில் ஏதாவது குறையா என்று கவலைப்பட்டாள். போதும் என்றேன். நீ தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டாய், பாதிக்கு மேல் வைத்துவிட்டாய். வீடு வரும்வரை காரில் யாரும் பேசவில்லை. அதற்குப் பிறகு எங்களோடு எங்கே சாப்பிடப் போனாலும் நீ கோழிதான் கேட்கிறாய். பதினேழு வருஷமாக இதை நான் கவனித்துக்கொண்டே இருக்கிறேன்.

மாட்டுக்கறி என்பதால் அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். அது கொஞ்சம் உண்மைதான், மறைக்க மாட்டேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் லட்சுமி என்று ஒரு பசு இருந்தது. அதன் பாலை விற்றுத்தான் அப்பாயி எனக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டினார்கள். என்னால் அதைச் சாப்பிட முடியாது. அதற்காக நீயும் சாப்பிடக் கூடாது என்று நான் நினைத்ததில்லை. நீ வளர்ந்தது வேறு கொல்லை.

என்னைக் குத்தியது அந்த "மீடியம்" என்ற சொல். முதல் தடவை சாப்பிடுகிற பிள்ளை அதை அவ்வளவு சட்டென்று சொல்ல மாட்டான். உள்ளே சிவப்பாக வேண்டுமா, நன்றாக வெந்திருக்க வேண்டுமா என்று தடுமாறுவான், யாரையாவது கேட்பான். நீ எத்தனையோ தடவை நண்பர்களோடு சாப்பிட்டுவிட்டு, வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கிறாய் என்று அந்த நொடியில் தெரிந்தது. என் பிள்ளை என்னிடம் பயந்திருக்கிறான். பிறந்தநாள் அன்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டு என் முன்னால் கேட்டிருக்கிறான். நான் செய்ததெல்லாம் இறாலைத் தள்ளி வைத்ததுதான். அது என் தப்பு, கதிர். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

ரெட் லாப்ஸ்டர் கம்பெனி ஏன் திவாலானது என்று கேட்டால் எல்லோரும் அந்த இறாலைத்தான் சொல்கிறார்கள். 2023இல் எண்ட்லெஸ் ஷ்ரிம்பை 20 டாலருக்கு எப்போதும் கிடைக்கும்படி வைத்தார்கள், அதில் நஷ்டம் வந்தது உண்மைதான். ஆனால் கணக்கு பார்த்தே காலம் தள்ளிய எனக்கு 2014தான் பெரிதாகப் படுகிறது. அந்த வருஷம் கம்பெனி கை மாறியபோது, கடைகள் நின்ற நிலத்தை 150 கோடி டாலருக்கு விற்றுவிட்டு, அதே இடத்துக்கு வாடகை கட்ட ஆரம்பித்தார்கள். சொந்த வீட்டை விற்றுவிட்டு அதிலேயே குடியிருப்பது போல. ஆனாலும் எல்லார் கண்ணிலும் படுவது தட்டுதான்.

மூடிய கடைகளின் மேசை, நாற்காலி, அடுப்பு எல்லாம் ஆன்லைனில் ஏலத்துக்குப் போயின. எனக்கு அங்கே பரிமாறினவர்களை நினைத்துத்தான் கஷ்டமாக இருந்தது. டிப்ஸ் வாங்குகிறவர்களின் குறைந்தபட்சக் கூலி, நீ பிறந்த 1991இலிருந்து இந்த நாட்டின் மத்தியச் சட்டத்தில் மணிக்கு 2.13 டாலரிலேயே நிற்கிறது. மேரிலாந்தில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். மற்றதெல்லாம் டிப்ஸ். அன்றைக்கு இரண்டு முறை வந்து கேட்ட அந்தப் பெண்ணிடம்கூட நான் சரியாகப் பேசவில்லை.

மூடாத கிளைகள் இன்னும் நிறைய இருக்கின்றன. 2024 செப்டம்பரில் கம்பெனி புது முதலாளிகள் கைக்குப் போய், டமோலா அடமோலேகுன் என்பவர் 35 வயதில் தலைமைக்கு வந்தார். உன்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். அவர் நன்றாக நடத்த வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு வருகிறாய் அல்லவா? அடுத்த நாள் வெள்ளிக்கிழமை மூன்று பேரும் போவோம். இங்கிருந்து கொஞ்ச தூரம்தான், நானே ஓட்டுகிறேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அவளுக்கு ஸ்கேம்பி. உனக்கு என்ன வேண்டுமோ அதைக் கேள். கோழி மட்டும் கேட்காதே.

எத்தனை மணிக்குப் போகலாம் என்று எழுது.

அன்புடன்,
அப்பா