எஃப் ஒன்று

அன்பு நண்பா,

உன் கடிதத்தை நேற்று ராத்திரி இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை விஷயத்துக்காக. இரண்டாவது தடவை, எங்கெல்லாம் மழுப்பியிருக்கிறாய் என்று பிடிப்பதற்காக. "கண்ணு முன்ன மாதிரி இல்ல, ஆனா சமாளிச்சுக்கறேன்" என்று ஒரு வரி. அடுத்த வரியிலேயே "புது டெஸ்க்டாப் எது வாங்கலாம்?" என்று ஒரு கேள்வி. எழுத்தைப் பெரிதாக்கும் மேக்னிஃபையரை 400 சதவீதத்தில் வைத்துக்கொண்டு மூக்கு திரையில் உரச உட்கார்ந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? நானும் அந்த வழியாக வந்தவன்தானே.

என் பழைய பெட்டிக்கும் ஓய்வு கொடுத்தாகிவிட்டது. 11 வருஷ உழைப்பு. அது கடைசியில் என்னைப் படுத்தியதைச் சொல்லிவிடுகிறேன், உன் கேள்விக்குப் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

ஒருநாள் காலையில் பவர் பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுற்றுகிற சத்தம் வந்தது. ஆனால் பார்வை இல்லாத எனக்குத் திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான், என்விடிஏ, வாய் திறப்பதற்கு முன்னால் மேலேறிப் போகும் அந்தச் சின்ன ஒலி வரவே இல்லை. அணைத்தேன், போட்டேன். மறுபடி அணைத்தேன், போட்டேன். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ரேம் பட்டைகளைத் தடவி எடுத்துத் துடைத்துச் செருகினேன். ஹார்டு டிஸ்க்கில் காதை வைத்துக் கேட்டேன். மத்தியானத்துக்குள் பெட்டி செத்துவிட்டது என்று முடிவு கட்டி, பேக்கப் எடுக்காத கோப்புகளை நினைத்து துக்கமே அனுஷ்டித்துவிட்டேன். சாயங்காலம் பக்கத்து வீட்டுச் சிறுமி ஏதோ வேலையாக வந்தவள், "மாமா, இதுல எஃப் ஒன்னு அமுத்துங்கன்னு இருக்கே" என்றாள். அழுத்தினேன். பேச ஆரம்பித்துவிட்டது!

மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்கிற பொத்தான் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. தேதியும் நேரமும் மறந்துபோனதால், எஃப்1 அழுத்தினால்தான் மேலே போவேன் என்று காலையிலிருந்து அது திரையில் எழுதி வைத்துக் காத்திருந்திருக்கிறது. விண்டோஸுக்கு முன் வரும் பயாஸ் என்கிற ஆரம்ப அமைப்புத் திரை பேசாது. விண்டோஸ் எழுந்திருக்கும் முன் நடப்பது எதையும் திரைவாசிப்பானால் பார்க்கவே முடியாது.

பேட்டரியை மாற்றினேன், ஓடியது. ஆனாலும் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும், என் பிராசஸரும் ஏற்கப்பட்ட பட்டியலில் இல்லை. வேறு வழியில்லாமல்தான் புதிது வாங்கக் கிளம்பினேன். இந்தத் தடவை பிராசஸர் வேகத்தை எல்லாம் கடைசியில்தான் பார்த்தேன். இந்தப் பெட்டி எங்கெங்கே வாய் மூடிக்கொள்ளும், அப்போது நான் என்ன செய்வேன், முதலில் இதைத்தான் கேட்டேன்.

நீயும் அதையே கேள். விற்பவரை உட்கார வைத்து, பயாஸில் இரண்டு காரியம் செய்யச் சொல். பிழை வந்தால் எஃப்1-க்காகக் காத்திருப்பதை நிறுத்தும் வசதி பல மதர்போர்டுகளில் உண்டு, அதை மாற்றச் சொல். மின்சாரம் போய் வந்தால் தானே எழுந்துகொள்ளும்படி வைக்கவும் சொல். பிறகு பயாஸ் திரைகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அனுப்பச் சொல். எந்தச் சாவியை எத்தனை தடவை தட்டினால் எங்கே போகும் என்று அதைப் பார்த்து ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளலாம். என்னிடம் அப்படி ஒன்று பிரெய்லில் இருக்கிறது.

நீ கேட்கிற அந்தக் கையடக்க மினி பெட்டிகளைப் பற்றி. அழகுதான், மேசையில் இடமும் மிச்சம். ஆனால் பலவற்றில் உள்ளே ஸ்பீக்கர் கிடையாது. மானிட்டரை எச்டிஎம்ஐயில் மாட்டினதும் விண்டோஸ் பல சமயம் ஒலியை அந்தப் பக்கம் தள்ளிவிடும். மானிட்டரிலும் ஸ்பீக்கர் இல்லையென்றால் முடிந்தது கதை, பேச்சு காற்றில் போய்விடும். என்விடிஏ அமைப்பில் எந்தக் கருவி வழியே பேச வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அந்த அமைப்புக்குப் போக முதலில் அது பேசியாக வேண்டுமே! அதனால் முன்பக்கமே ஹெட்ஃபோன் துளை இருக்கிற பெட்டியாகப் பார்.

ஒலியில் இன்னொரு வம்பு உண்டு. சில கணினிகளில், கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தால் ஒலிக்கருவி மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தூங்கிவிடும். திரும்ப எழுந்திருக்கும்போது முதல் அசையை விழுங்கிவிடும். முதல் அசைதானே என்று நினைக்காதே. படிவத்தில் ஒரு தேர்வுப் பெட்டியில் இருக்கும் டிக்கை எடுக்க ஸ்பேஸ் பாரை அழுத்துகிறாய். அது "நாட் செக்டு" என்கிறது. உன் காதில் விழுவது "செக்டு". நான் ஒரு படிவத்தை இப்படி நேர்மாறாக அனுப்பி, சரிசெய்ய ஒரு வாரம் அலைந்திருக்கிறேன். ஒலிக்கருவியைத் தூங்க விடாமல் வைக்க என்விடிஏவிலேயே ஒரு அமைப்பு இருக்கிறது. இருந்தாலும் வாங்கும் முன் சோதித்துவிடு.

சோதிப்பது எப்படி? என்விடிஏவின் போர்ட்டபிள் பிரதியை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு போ. நிறுவவே வேண்டாம், அதிலிருந்தே ஓடும். ஒரு பெரிய கோப்பைத் திறந்து கீழம்பை வேகமாகத் தட்டு. சாவி அழுத்துவதற்கும் குரல் வருவதற்கும் இடையே எவ்வளவு நேரம் ஆகிறது என்று உன் காதே சொல்லிவிடும். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு பெட்டியின் பின்பக்கத்தைத் தடவு. யூஎஸ்பி துளைகள் ஒன்றுக்கொன்று இடைவெளியோடு இருக்கின்றனவா? பவர் பட்டன் விரலுக்குத் தட்டுப்படுகிறதா, இல்லை வழவழவென்று தொடு-பட்டனா? நான் துளைகளுக்குப் பக்கத்தில் புடைப்புப் புள்ளி ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரு புள்ளி கீபோர்டு, இரண்டு புள்ளி பிரெய்ல் டிஸ்ப்ளே, அதாவது திரையில் இருப்பதை விரலுக்குப் பிரெய்லாக எழுப்பிக் காட்டும் கருவி.

பணத்தை கிராஃபிக்ஸ் கார்டில் கொட்டாதே. திரைவாசிப்பானுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எஸ்எஸ்டி கட்டாயம், 16 ஜிபி ரேம் போதும். என்விடிஏ லேசானதுதான், பிரவுசர்தான் தின்று தீர்க்கும். வழக்கமான இன்டெல், ஏஎம்டிக்குப் பதில் ஏஆர்எம் வகை பிராசஸர் போட்ட பெட்டி மலிவாகக் கிடைத்தாலும் யோசித்து வாங்கு. பழைய மென்பொருளை அது எப்படியோ ஓட்டிவிடும்; ஆனால் வெளிக்கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருள் அதற்கென்றே எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். உன் பழைய ஸ்கேனருக்கு அப்படி ஒன்று யாரும் எழுதியிருக்கப் போவதில்லை.

மானிட்டர் எனக்கு வெறும் அலங்காரம், ஆனால் உனக்கு இன்னும் வேண்டும். பளபளக்கும் திரை வேண்டாம், மேட் திரையாக வாங்கு. 27 அங்குலத்தில் 4கே என்றால், ஸ்கேலிங்கைக் கூட்டினாலும் எழுத்து ஓரம் பிசிறாமல் நிற்கும். எல்லாவற்றையும் விட முக்கியம், பின்னால் தாங்கியில் திருகி மாட்டுவதற்கான வெசா துளைகள் இருக்கும் மானிட்டராக எடுத்து, வளைந்து நீளும் தாங்கிக் கையில் மாட்டு. நீ திரையிடம் குனிந்து போகாதே, திரையை உன் முகத்துக்கு இழுத்துக்கொள். உன் கழுத்து வலிக்குப் பாதிக் காரணம் அதுதான் என்று பந்தயம் கட்டுகிறேன். மானிட்டரின் சொந்த மெனுவையும் எந்தத் திரைவாசிப்பானும் படிக்காது. வெளிச்சம், நிறம் எல்லாவற்றையும் கண் இருக்கும்போதே ஒரு தடவை சரியாக வைத்துவிடு.

"கண் இருக்கும்போதே" என்று எழுதிவிட்டு அழிக்கலாமா என்று யோசித்தேன். அழிக்கவில்லை. உன்னிடம் பூசி மெழுகி என்ன ஆகப்போகிறது? நான் கடைசி வரை பெரிதாக்கிப் பெரிதாக்கியே ஓட்டினேன். ஒரு சொல் மட்டும் திரையில் நிற்கும் நிலைக்கு வந்த பிறகுதான் என்விடிஏவைத் தொட்டேன், அதுவும் அழுதுகொண்டு. நீ இப்போதே மானிட்டரை அணைத்துவிட்டு தினமும் அரை மணி பழகு. மூச்சு முட்டினால் மானிட்டரைப் போட்டுக்கொள்ளலாம். அந்த வசதி எனக்கு இருக்கவில்லை.

என்விடிஏவுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. 2006-இல் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கியது, இன்றும் இலவசம்தான். தமிழ்க் குரலுக்கு இஸ்பீக் என்கிற பேச்சு மென்பொருள் இருக்கிறது. தகர டப்பாவுக்குள் இருந்து யாரோ பேசுகிற மாதிரி இருக்கும், ஆனால் அழுத்தின கணமே பேசும்; வேலைக்கு எனக்கு அதுதான். கதை கேட்க விண்டோஸின் தமிழ்க் குரல். அதற்கு வள்ளுவர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்பாம் மெயிலை எல்லாம் வள்ளுவரே வாசித்துக் காட்டுவதைக் கேட்க வேண்டுமே நீ!

மேக் பற்றியும் கேட்டிருந்தாய். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அதன் மீட்புத் திரையில்கூட அதன் சொந்தத் திரைவாசிப்பான் வாய்ஸ்ஓவர் பேசும். நான் மேலே புலம்பியதில் பாதிக்கு அது பதில். ஆனாலும் நான் மாறவில்லை. நம்பர் பேடில் 7, 8, 9 என்றால் வரி, 4, 5, 6 என்றால் சொல், 1, 2, 3 என்றால் எழுத்து என்று என் வலது கைக்கு இத்தனை வருஷப் பழக்கம். விரலுக்குப் புதிதாகப் பாடம் எடுக்க எனக்குப் பொறுமை இல்லை. நீ இன்னும் எதற்கும் பழகாதவன், உனக்கு இரண்டும் ஒன்றுதான்.

அட, கீபோர்டை மறந்தேனே. வயர் உள்ளது, நம்பர் பேடோடு. புளூடூத் வேண்டாம், பேட்டரி தீர்ந்தால் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும், பயாஸில் பெரும்பாலும் வேலையும் செய்யாது. நீ கல்லூரி முடித்த கையோடு வாங்கின அந்தக் கனத்த கீபோர்டு இன்னும் இருக்கிறதா? அதன் முனை வட்டமா, தட்டையா என்று தடவிப் பார்த்து எழுது. வட்டம் என்றால் பிஎஸ்2 என்கிற பழைய வகை இணைப்பு. பல புதிய பெட்டிகளில் அதற்குத் துளை இருக்காது. என்னிடம் ஒரு மாற்றி சும்மா கிடக்கிறது, அனுப்பி வைக்கிறேன்.

உன்,
பழைய பெஞ்சுத் தோழன்