ஃபேனை நிறுத்திய அண்ணனுக்கும், மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஜப்பானியப் படங்களையும் தமிழ்ப் படங்களையும் சேர்த்துக் காட்டும் நம் திரைப்பட விழா நடந்து முடிந்துவிட்டது. இந்த வரியை எழுத முடிகிறதே என்பதே பெரிய நிம்மதி. மழையில் என்ன ஆனது, அரங்கு எப்படிக் கைவிட்டுப் போனது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. அன்று ராத்திரி எத்தனை பேர் போன் செய்து “விழா உண்டா, இல்லையா?” என்று கேட்டீர்கள்! “உண்டு, வாங்க” என்று எங்களால் சொல்ல முடிந்ததற்கு யார் யார் காரணமோ, அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

டிசம்பரில் சென்னையில் கடைசி நேரத்தில் ஓர் அரங்கு பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். சபாக்கள் எல்லாம் கச்சேரிக்குப் போய்விடும். பள்ளிக்கூட அரங்குகளும் அப்படித்தான். மார்கழி பிறந்தால் காலியாக இருப்பவை கல்யாண மண்டபங்கள் மட்டுமே. மாம்பலத்தில் ஒரு பழைய மண்டபத்தின் உரிமையாளர், “முகூர்த்தம் இல்லாத மாசம், பூட்டித்தானே கிடக்கு, எடுத்துக்குங்க” என்று சாவியைக் கொடுத்தார். மின்சாரத்துக்கும் துப்புரவுக்கும் ஆன செலவைத் தவிர ஒரு பைசா வாங்கவில்லை. ஐயா, உங்களுக்கு முதல் நன்றி.

ஆனால் கல்யாண மண்டபம் சினிமா பார்க்கக் கட்டியது இல்லையே. சுவர் முழுக்க ஜன்னல், ஜன்னலுக்கு மேலே வென்டிலேட்டர். பகல் காட்சிக்கு இருட்டு வேண்டும். பந்தல்காரத் தம்பிகள் கறுப்புத் துணியும் கருநீலத் துணியும் கொண்டுவந்து, ஏணி போட்டு ஏறி ஒவ்வொன்றாக அடைத்தார்கள். வெளிச்சம் போனது. கூடவே காற்றும் போனது. வெளியே மழை, உள்ளே நிரம்பிய கூட்டம். அந்தப் புழுக்கத்தில் மண்டபத்து ஃபேன்கள்தான் கதி. தலைக்கு மேலே வரிசையாகப் பழைய ஃபேன்கள், ஓரத்தில் ஆள் உயரத்துக்கு நாலு பெடஸ்டல் ஃபேன். எல்லாம் சேர்ந்து ஓடினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது.

அன்று பிற்பகல் போட வேண்டிய படம் ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’. 1953-இல் வந்தது, இரண்டேகால் மணி நேரப் படம். ஒனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து வயதான அப்பாவும் அம்மாவும் டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். பிள்ளைகளுக்கு அவரவர் வேலை. போரில் இறந்துபோன மகனின் மனைவி நொரிகோதான் அவர்களை அன்பாகப் பார்த்துக்கொள்கிறாள். கதை அவ்வளவுதான். யாரும் குரலை உயர்த்துவதில்லை. ஒருவர் பேசி, கொஞ்சம் நிறுத்தி, “ம்” என்று இன்னொருவர் சொல்வதற்குள் எவ்வளவோ நடந்துவிடும். இதை அந்த ஃபேன் இரைச்சலில் எப்படிக் காட்டப் போகிறோம் என்று நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டினால் மெல்லிய பேச்செல்லாம் அறிவிப்பு போல ஆகிவிடும். ஃபேனை நிறுத்தினால் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள். சரி, வருவது வரட்டும் என்று படத்தைப் போட்டோம்.

படம் தொடங்கிக் கால் மணி நேரம் போனதும் ஏதோ மாறியிருப்பது தெரிந்தது. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு பெடஸ்டல் ஃபேன்களும் நின்றிருந்தன. அப்புறம் மேலே இருந்தவற்றில் ஒரு வரிசை மெதுவாகத் தணிந்தது, கொஞ்ச நேரத்தில் இன்னொரு வரிசை. கரண்ட் ஏதோ பிரச்சினையோ என்று மேடைப் பக்கமாக ஓடினேன். மணமகள் அறைக் கதவுக்கு அருகில் இருக்கும் சுவிட்ச் போர்டின் முன்னால் மண்டபத்து எலக்ட்ரீஷியன் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பையில் டெஸ்டர். ஒரு கை ரெகுலேட்டர் மேல். கண் திரை மேல். அங்கிருந்து திரை கோணலாகத்தான் தெரியும். என்னைப் பார்த்ததும் “ஒண்ணும் இல்ல மேடம், நீங்க போய் உக்காருங்க” என்று கையைக் காட்டினார்.

நான் போகவில்லை. அங்கேயே நின்று பார்த்தேன். பிள்ளைகள் அந்த முதியவர்களைச் செலவு மிச்சம் என்று அதாமி என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ராத்திரி விடுதியில் ஒரே ஆட்டமும் பாட்டும், பக்கத்து அறையில் சூதாட்டம், இருவருக்கும் தூக்கமே வராது. அந்த இரைச்சல் தொடங்கியதும் அண்ணன் எல்லா ஃபேனையும் போட்டுவிட்டார். கூட்டம் மூச்சு வாங்கிக்கொண்டது. மறுநாள் காலையில் இருவரும் கடலோரச் சுவரில் உட்கார்ந்து பேசுகிற காட்சி வந்ததும், ஒவ்வொரு ரெகுலேட்டராகக் குறைத்து, பொட்டுச் சத்தம் இல்லாமல் ஆக்கிவிட்டார். எழுந்திருக்கும்போது அந்த அம்மாவுக்குத் தலை சுற்றும். ஒரு கணம் சுவரில் கை ஊன்றிக்கொள்வார். அண்ணன் என் பக்கம் திரும்பி மெல்லக் கேட்டார்: “அந்தம்மாவுக்கு இப்பவே உடம்பு சரியில்ல, இல்ல?”

ஆமாம், அங்கேதான் ஆரம்பிக்கிறது. நான் இந்தப் படத்தைப் பல தடவை பார்த்தவள். முதல் தடவை பார்த்தபோது அந்த இடம் என் கண்ணில் படவே இல்லை.

ஃபேன் நின்ற நேரங்களில் யாரும் எழுந்து போகவில்லை. நாங்கள் கொடுத்திருந்த நிகழ்ச்சி நிரலை மடித்து எல்லோரும் விசிற ஆரம்பித்தார்கள். அந்தப் படம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு கோடைக்காலக் கதை. திரையில் இருப்பவர்களும் கை விசிறியால் விசிறிக்கொண்டேதான் பேசுவார்கள். அங்கேயும் விசிறி, இங்கேயும் விசிறி. நாற்காலி போதாமல் முன்னால் ஜமக்காளம் விரித்துச் சிலரை உட்கார வைத்திருந்தோம். ஓசுவின் கேமராவும் தரையில் உட்கார்ந்தவரின் கண் மட்டத்துக்குத் தாழ்ந்தே இருக்கும். படம் முடிந்ததும் ஜமக்காளத்தில் இருந்த ஒரு பெரியவர், “அவங்க வீட்டுக்குள்ளயே நானும் உக்காந்திருந்த மாதிரி இருந்துதும்மா” என்றார். அரங்கு கிடைத்திருந்தால் இந்த வார்த்தையைக் கேட்டிருக்க மாட்டேன்.

எல்லோரும் போன பிறகு அண்ணனிடம், யார் சொல்லி இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். “யாரும் சொல்லல மேடம். தாலி கட்டுற நேரத்துக்கு மணவறைப் பக்கம் ஃபேனை நிறுத்துவோம், ஓமம் அணையக் கூடாது பாருங்க. ஐயர் கண்ணைக் காட்டுவாரு, நான் நிறுத்துவேன். முடிஞ்சதும் போடுவேன். இதுவும் அது போலத்தான். அவங்க மெதுவா பேசறாங்க, ஃபேன் ஓடினா எப்படிக் கேக்கும்?” ஜப்பானிய மொழி உங்களுக்குப் புரியாதே, கீழே தமிழில்தானே படித்தீர்கள், சத்தம் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன என்று பக்கத்தில் இருந்த ஒரு நண்பர் கேட்டார். “வார்த்தை புரியாட்டி என்ன சார், குரல் புரியுதே” என்றார் அண்ணன். தன் பெயரைப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் போடவில்லை. இந்த மடலை அவருடைய மகள் படித்துக் காட்டுவாள் என்று நம்புகிறேன்.

அண்ணா, அன்று பிற்பகல் நீங்கள் செய்ததை நான் மறக்க மாட்டேன்.

மௌனப் படக் காலத்தில் ஜப்பானியத் திரையரங்குகளில் பென்ஷி என்று ஒருவர் திரைக்குப் பக்கத்தில் நிற்பார். படம் ஓட ஓடக் கதை சொல்வார், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குரல் கொடுப்பார். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் அண்ணனே ஒரு பென்ஷிதான். வெளிநாட்டுப் படங்களை ஜப்பானிய ஜனங்கள் அவர்கள் வாய்வழியாகத்தான் புரிந்துகொண்டார்கள். பேசும் படம் வந்ததும் அவர்கள் வேலை போய்விட்டது. ஆனால் வேற்று நாட்டுப் படம் ஒன்று நம்மிடம் வந்து சேர, திரைக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு ஆள் தேவைப்படுகிறார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். கலாசாரப் பரிமாற்றம் என்று அழைப்பிதழில் நாங்களும் அச்சடித்திருந்தோம். எனக்கு அது அந்த சுவிட்ச் போர்டுக்கு முன்னால்தான் கண்ணில் தெரிந்தது.

இன்னொன்றும் தோன்றியது. 1998-இல் டோக்கியோ ஷிபுயாவில் ‘முத்து’ ஓடத் தொடங்கி மாதக்கணக்கில் ஓடிய கதை நமக்கெல்லாம் தெரியும். ஜப்பானில் அதிக வசூல் செய்த இந்தியப் படம் என்ற இடத்தை 2022-இல் ‘ஆர்ஆர்ஆர்’ வரும்வரை அதுதான் வைத்திருந்தது. அங்கே இப்போது ‘மசாலா’ காட்சி என்றே தனியாகப் போடுகிறார்கள். கத்தலாம், கைதட்டலாம், ஆடலாம், காகிதத் துண்டு வீசலாம். பொது இடத்தில் இருமுவதற்கே யோசிக்கிற ஊரில், நம்முடைய முதல் நாள் முதல் காட்சியின் ஆரவாரத்தை ஆசையாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய படத்தின் அமைதியை நாம் அதே ஆசையோடு கேட்க வேண்டாமா? அண்ணன் கேட்டார். அவர் பின்னால் நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

இனி மற்றவர்களுக்கு. உங்களை ஒரே மூச்சில் சொல்வதால் குறைவாக நினைக்க வேண்டாம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலை பார்க்கும் ஜப்பானியக் குடும்பங்கள் அந்த மழையிலும் வந்து, ‘முத்து’ காட்சியில் கை வலிக்கக் கைதட்டி, வீசிய காகிதத்தையெல்லாம் தாங்களே பொறுக்கி மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போனார்கள். மண்டபத்து ஆயாம்மா துடைப்பத்தைக் கொடுக்க மாட்டேன் என்று போராடித் தோற்றார். சப்டைட்டிலை ராப்பகலாக உட்கார்ந்து தமிழில் எழுதிய ஜப்பானிய மொழி மாணவர்கள், திரையிட அனுமதிக்காகக் கடிதம் மேல் கடிதம் எழுதியவர்கள், நனைந்த புரொஜெக்டரைப் பிரித்துக் காயவைத்து மறுபடி ஓட விட்ட தம்பி, வாசலில் குடையை வாங்கி டோக்கன் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகள், காட்சிக்குக் காட்சி சுக்குக் காப்பி போட்ட சமையல் மாமா, எல்லோருக்கும் நன்றி.

குரோசாவாவின் ‘ரஷோமோன்’ படத்தையும் ‘அந்த நாள்’ படத்தையும் அடுத்தடுத்துப் போட வேண்டும் என்று அடம்பிடித்த நண்பருக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் சொன்னது சரி. வீணை எஸ். பாலசந்தர் ஒரு திரைப்பட விழாவில் ‘ரஷோமோன்’ பார்த்து அதில் மயங்கித்தான், 1954-இல் பாட்டே இல்லாமல் ‘அந்த நாள்’ எடுத்தார். ஒரு விழாவில் ஒருவர் உட்கார்ந்து படம் பார்த்ததில் தமிழுக்கு அப்படி ஒரு படம் கிடைத்தது. அந்தக் கதை நடப்பதோ 1943 அக்டோபரில், ஜப்பானிய விமானம் மதராஸ் மேல் குண்டு போட்ட சமயத்தில். குண்டு விழுந்து பதினோரு வருஷத்துக்குள், குண்டு போட்ட நாட்டின் ஒரு கலைஞனிடமிருந்து கதை சொல்லும் விதத்தைக் கற்றுக்கொண்டு, அந்தக் குண்டு விழுந்த சமயத்தையே நம் ஆட்கள் படமாக எடுத்திருக்கிறார்கள். படம் முடிந்ததும் ஒரு ஜப்பானிய அம்மா வந்து, துறைமுகம் இங்கிருந்து எந்தத் திசை என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பக்கமாகத் திரும்பித் தலை குனிந்துவிட்டுப் போனார். இதற்கு நான் என்ன சொல்ல? இந்த விழாவை நிறுத்தவே கூடாது என்று அப்போதுதான் மனதுக்குள் சபதம் எடுத்துக்கொண்டேன்.

அதனால் சில விஷயங்களை இப்போதே சொல்லிவிடுகிறோம். அடுத்த வருஷமும் மார்கழியில்தான் விழா. எல்லாப் படங்களுக்கும் தமிழ் சப்டைட்டில் உண்டு. அரங்கு பெரிதாக இருக்கிறதா, ஏசி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து என்ன சத்தம் கேட்கிறது என்று கவனிப்போம். அதற்கு அண்ணனையும் கூட வரச் சொல்லியிருக்கிறோம். மார்கழியில் அவருக்கு வேலை குறைவு, வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த தடவை உட்கார்ந்து முழுப் படம் பார்க்க வேண்டும், சுவிட்ச் போர்டை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்றோம். “அதெல்லாம் சரிவராது மேடம், அவங்களுக்கு எப்ப நிறுத்தணும்னு தெரியாது” என்று சொல்லிவிட்டார். சுவிட்ச் போர்டு பக்கத்திலேயே, திரை நேராகத் தெரிகிற மாதிரி, அவருக்கு ஒரு நாற்காலி போடுவதாக முடிவு செய்திருக்கிறோம்.

நன்றியுடன்,
விழாக் குழுவின் சார்பில்