சின்ன பின் சார்ஜர் கொடுத்த அக்காவுக்கு

கொரோனா வார்டிலிருந்து அம்மா வீடு திரும்பி இன்றோடு ஆறு நாள். இன்னும் கொஞ்ச நாள் தனி அறையில் இருக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது? கூடத்துக்குக் குறுக்கே கொடி கட்டி, பழைய புடவையைத் தொங்கவிட்டிருக்கிறோம். நேற்று மத்தியானம் புடவைக்குப் பின்னாலிருந்து, "கொழம்புல புளி தூக்கலா கீது, இன்னா வெச்சிருக்கீங்க?" என்று குரல் வந்தது. என் மனைவி கரண்டியைப் போட்டுவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். மூன்று வாரத்துக்கு முன்னால் அதே அம்மாவுக்குக் கருவாட்டு வாசனைகூடத் தெரியாமல் போயிருந்தது.

நடந்த கதையை நான் எழுதப் போவதில்லை. சென்னை மாநகராட்சியின் ஐந்தாவது மண்டலத்தில் குடியிருக்கிறவர்களுக்கு அதை எழுதிக் காட்டுவது கடலுக்கு உப்பு விற்கிற வேலை. கொரோனா எண்ணிக்கையின் மண்டலவாரிப் பட்டியலில் நம் ராயபுரம் என்ற பெயர் மேலேயே நின்ற நாட்களை நாம் எல்லோரும் ஒன்றாகத்தான் பார்த்தோம்.

முதலில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. சந்து முனையிலேயே சைரனை அணைத்துவிட்டு, அம்மா தலை வாரிக்கொள்ளும்வரை பொறுத்திருந்த 108 அண்ணன்கள். தினமும் தொப்பியும் குடையுமாக வந்து, வாசலுக்கு வெளியே நின்று காய்ச்சல் பார்த்து, ஜிங்க் மாத்திரையும் வைட்டமின் மாத்திரையும் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போன மாநகராட்சிப் பெண். எங்கள் வீட்டுக் குப்பையை மஞ்சள் பையில் தனியாகக் கட்டி எடுத்துப்போனவர். அம்மா உணவகத்து இட்லியை, சந்தை அடைத்திருந்த தகரத்துக்கு மேலாகக் கைமாற்றிவிட்ட கேரம் கிளப் பையன்கள். கல்மண்டபத்திலிருந்து காய்கறிப் பை கொண்டுவந்து வைத்த, இன்றுவரை யாரென்று தெரியாத ஆள். எங்கள் வீட்டைப் பார்த்துச் சன்னலைச் சாத்தியவர்கள்மேலும் எனக்குக் கோபம் இல்லை. ஏப்ரலில் எதிர்சந்தில் ஒருவரை ஏற்றிக்கொண்டு போனபோது நானும்தான் சாத்தினேன்.

மீதிக் கடிதம் முழுக்க ஒருவருக்கு. அவர் பெயர் எனக்குத் தெரியாது, முகமும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. அவர் வேலை செய்கிற ஆஸ்பத்திரியின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ஒப்பந்தத்துக்கு வந்து வார்டு கூட்டுகிறவர், செய்த நல்ல காரியத்துக்காக யாரிடமும் கைகட்டி நிற்கக் கூடாது.

அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். சின்ன பின் சார்ஜர். இரண்டை அழுத்திப் பிடித்தால் எனக்கு வரும், மூன்று என்றால் திருவொற்றியூரில் கட்டிக்கொடுத்த தங்கச்சிக்கு. அவ்வளவுதான் அம்மாவுக்குத் தெரிந்த போன். 2020 ஜூன் 22, திங்கட்கிழமை, அவசர அவசரமாகப் பை கட்டியது நான். நைட்டி, துண்டு, சோப்பு, பிளாஸ்க், சுகர் மாத்திரை, ஆதார் நகல் எல்லாம் வைத்தேன். ஆம்புலன்ஸ் போன பிறகு திரும்பிப் பார்த்தால், டிவி பக்கத்துப் பிளக்கில் சார்ஜர் தொங்கிக்கொண்டிருக்கிறது.

பட்டன் போன் தாங்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். வியாழக்கிழமை ராத்திரிவரை தாங்கியது. அதற்குப் பிறகு ஸ்விட்ச் ஆஃப்.

எங்கள் மூன்று பேருக்கும் நெகட்டிவ் வந்திருந்தது. ஆனாலும் வீட்டை விட்டு இறங்க முடியாது. சந்துக்கே தகரம் அடித்திருந்தார்கள். இறங்க முடிந்தாலும் சார்ஜருக்கு எங்கே போவது? எம்.சி. ரோட்டில் பிளாட்பாரத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிற சாமான் அது. ஜூன் 19-லிருந்து முழு ஊரடங்கில் மளிகையும் காய்கறியும் மத்தியானம் இரண்டு மணிவரைதான், அதுவும் நடந்து போய் வாங்க வேண்டும் என்று ஆன பிறகு, சார்ஜர் விற்கிறவர் யார் இருப்பார்? கொடுத்திருந்த எண்ணுக்கு அடித்தால் ஓயாமல் பிசி. குறையாகச் சொல்லவில்லை. அந்த வாரம் அதே எண்ணை எத்தனை வீட்டிலிருந்து அழுத்திக்கொண்டிருந்தார்களோ. ஆனால் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் அம்மா இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் சாப்பிட்டுத் தூங்குவது எப்படி இருக்கும் என்பதை எழுத எனக்கு வரவில்லை.

ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை. பாலும் மருந்தும் தவிர எதுவும் கிடையாது என்று அறிவித்திருந்த நாள். ராத்திரி ஒன்பது மணிக்குமேல் இருக்கும். தகரத்தை யாரோ படபடவென்று தட்டுகிறார்கள். முனைக்கடை அண்ணாச்சி.

"தம்பி! ஏ தம்பி! வெளிய வாங்க, அம்மா பேசுதாவ!"

நான் வாசற்படிக்கு ஓடினேன். அதற்குமேல் போகக் கூடாது. எங்கள் வீடு தகரத்திலிருந்து மூன்றாவது. அண்ணாச்சி ஏதோ பெட்டிமேல் ஏறியிருக்க வேண்டும், தகரத்துக்கு மேலே கை மட்டும் தெரிந்தது. கையில் போன், ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அந்தச் சந்தில் அப்படி ஒரு நிசப்தத்தை நான் பொங்கல் விடியற்காலையில்கூடக் கேட்டதில்லை.

"டேய், மாடில காயப்போட்ட கருவாட எடுத்து உள்ள வெச்சியா இல்லியா? மழ வந்துடப் போவுது."

காசிமேட்டில் முப்பது வருஷம் கூவிக் கூவி மீன் விற்ற தொண்டை அது. பாதிதான் வந்தது. மூன்று நாளில் முதல்முறையாகக் கேட்ட குரலுக்கு நான் சொன்ன பதில், "வெச்சிட்டம்மா." பொய். ஆறு நாளாகக் கருவாடு மாடியிலேயே கிடந்தது. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து, "நான் எடுத்து வெச்சிட்டேன்கா, நீ ஒடம்ப பாரு" என்று ஒரு பெண் குரல் கத்தியது. ஒரு வாரமாகச் சன்னல் திறக்காத வீடு.

அம்மா எப்படிப் பேசினாள் என்பது அவள் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. வார்டில் எல்லோரிடமும் டச் போன் சார்ஜர், அம்மாவின் போனுக்குச் சேராது. அம்மா யாரிடமும் வாய்விட்டுக் கேட்கிற ஆளும் இல்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டே மூன்று நாள் படுத்திருந்திருக்கிறாள். பெருக்க வந்த நீங்கள்தான், "இன்னா ஆயா, போன கட்டிப் புடிச்சினு தூங்குற?" என்று கேட்டிருக்கிறீர்கள். விஷயத்தைக் கேட்டதும், "யார் நம்பராவது மனப்பாடமா தெரியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் நம்பர் அம்மாவுக்குத் தெரியாது. அது இரண்டு. தங்கச்சி மூன்று. எழுத்து தெரியாத அம்மா தலைக்குள் வைத்திருந்த ஒரே நம்பர் அண்ணாச்சிக் கடையுடையது. பட்டன் போன் வருவதற்கு முன்னாலேயே ஒரு ரூபாய் பூத்திலிருந்து அரிசி சொல்லிச் சொல்லிப் பழகியது. கடை மூடிக் கிடந்த நாளில், பக்கத்துப் படுக்கை அம்மாவின் போனைக் கேட்டு வாங்கி அந்த நம்பருக்கு அடித்தது நீங்கள்தான். அண்ணாச்சியிடம், "இந்த ஆயா புள்ள எங்க கீறாரோ அங்க எடுத்துனு போங்க" என்று சொன்னதும் நீங்கள்தான். அடுத்த நாள் அந்த எண்ணுக்கு நான் திருப்பி அடித்தபோது யாரோ ஒருவரின் மகன் எடுத்தார். உங்களைப் பிடிக்க இருந்த ஒரே வழியும் அதோடு போயிற்று.

இதோடு நின்றிருந்தாலே போதும். மறுநாள் காலை ஏழு மணிகூட ஆகவில்லை, என் போனில் 'அம்மா' என்று வந்தது. உங்கள் வீட்டில் கிடந்த பழைய சார்ஜரைக் கவரில் சுற்றிக் கொண்டுவந்திருந்தீர்களாம். நாலு படுக்கைக்கு ஒரு பிளக். யார் யாருக்கு எந்த நேரம் என்று முறை வைத்தீர்களாம். வயர் நழுவிக் கீழே விழாமல் இருக்கப் பேண்டேஜ் துணியில் ஒரு துண்டு கிழித்துக் கட்டில் கம்பியில் கட்டிவிட்டீர்களாம். இதையெல்லாம் அந்தக் கவச உடையைப் போட்டுக்கொண்டு, உள்ளே வேர்வை ஓட ஓட, கையில் இரண்டு அடுக்குக் கையுறையோடு.

அம்மா உங்களை 'அந்தப் பொண்ணு' என்கிறாள். கண்ணாடிக்குப் பின்னால் கண்கூடச் சரியாகத் தெரியவில்லையாம். முதுகில் ஸ்கெட்ச் பேனாவில் பெயர் எழுதியிருந்ததாம், அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கால் உறை தரையில் சரக் சரக்கென்று இழுபடும் சத்தத்தை வைத்துத்தான் நீங்கள் வருவதைக் கண்டுபிடிப்பாளாம். எனக்கு நீங்கள் அக்காவா தங்கச்சியா தெரியாது. அக்கா என்றே எழுதுகிறேன்.

அடைந்து கிடந்த ராத்திரிகளில் தூக்கம் வராமல், எந்தச் சட்டத்தில் நம்மைப் பூட்டினார்கள் என்று தேடிப் படித்தேன். மார்ச் 24 சாயங்காலம் 144 போட்டதிலிருந்தே கேட்டுப் பழகிய பேர்கள்தான். ஒன்று 2005-இன் பேரிடர் மேலாண்மைச் சட்டம். இன்னொன்று 1897-இல், பம்பாயில் பிளேக் பரவியபோது வெள்ளைக்காரன் போட்ட தொற்றுநோய்ச் சட்டம். தாத்தா காலத்துக்கும் முந்தியது, ஆனால் ஒன்றிரண்டு பக்கம்தான் இருக்கும். யாரைத் தடுக்கலாம், மீறினால் என்ன தண்டனை, அதிகாரிமேல் வழக்குப் போட முடியாது என்று சுருக்கமாக முடித்துவிட்டான். அடைத்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து எங்களுடையது. அங்கே தள்ளி நில் என்றால் எங்கே தள்ளி நிற்பது? தகரம்தான் வழி என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அடைத்த வீட்டுக்கு உள்ளே யார் என்ன இல்லாமல் தவிக்கிறார்கள் என்பதைச் சட்டம் எழுதினவன் யோசித்த மாதிரி தெரியவில்லை.

இதைச் சொன்னபோது அம்மா வேறு ஒன்று சொன்னாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை சொருகுவார்கள். அதைப் பார்த்தால் யாரும் படியேற மாட்டார்கள். ஆனால் காலையில் கதவைத் திறந்தால் படியில் இளநீரும் மோர்ச் செம்பும் இருக்கும். யார் வைத்தார்கள் என்று தேட மாட்டார்களாம், அது ஆத்தாவுக்கு வைத்தது. "நம்ம வூட்டு கதவுல ஒட்டுன பேப்பரும் வேப்பிலதான்டா, ஆனா மோரு எப்டி ஆஸ்பத்திரி உள்ள வந்துச்சு பாரு" என்றாள். அவள் மோர் என்றது உங்கள் சார்ஜரை.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், அக்கா. நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பில் போடுகிற வேலையில் இருக்கிறேன். அங்கேயும் உங்களைப் போல ஒப்பந்தத்துக்கு வந்து கூட்டுகிற நாலு அம்மாக்கள் இருக்கிறார்கள். மத்தியானம் ஆபீஸ் பிளக்கில் போன் சொருகி வைப்பார்கள். பிரிண்டர் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார்கள் என்று எரிச்சல்பட்டு, போன வருஷம் ஒரு காகிதத்தில் "இங்கே சார்ஜ் போடக் கூடாது" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். என் கையெழுத்துதான். அதற்குப் பிறகு அவர்கள் எங்கே சார்ஜ் போட்டார்கள் என்று நான் கேட்டதே இல்லை. அந்த நாலு பேரில் இரண்டு பேருக்குப் பெயர் தெரியாது. அடுத்த வாரம் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போனதும் முதல் வேலை அந்தக் காகிதத்தைக் கிழிப்பது. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வாங்கி வைத்துவிட்டேன். சின்ன பின், பெரிய பின் இரண்டும் அதோடு இருக்கும்.

உங்கள் சார்ஜர் எங்களிடம்தான் இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆன அவசரத்தில் அம்மா பையோடு போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அன்று நீங்கள் ஷிஃப்டில் இல்லையாம். வயர் கழுத்துப் பக்கத்தில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறது, அதை வைத்து அது உங்களுடையதுதான் என்று தெரிந்துகொள்ளலாம். எங்களுடையதோடு கலந்துவிடாமல் மேல் பரணில் தனிக் கவரில் வைத்திருக்கிறேன். இதைப் படிக்கிறவர்கள் யாராவது ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்தால், கூட வேலை செய்கிறவர்களிடம் இப்படி ஒரு சார்ஜர் போனதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சூரியநாராயண செட்டித் தெருவில் கருவாட்டுக்கார ஆயா வீடு எது என்றால் முனைக்கடை அண்ணாச்சி காட்டுவார்.

இன்னொரு பாக்கியும் உண்டு. அம்மா சுருக்குப்பையிலிருந்து நூறு ரூபாய் எடுத்து நீட்டியபோது நீங்கள் வாங்கவில்லையாம். "வூட்டுக்குப் போய் நெத்திலி குடு ஆயா, போதும்" என்றீர்களாம். அம்மாவுக்கு அதில்தான் கோபம். தினமும் காலையில் எழுந்ததும் புடவைக்குப் பின்னாலிருந்து, ஏலம் ஆரம்பித்துவிட்டதா, போட்டில் என்ன வந்தது என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

"நெத்திலி கேக்குறா பாரு என்கிட்ட. வஞ்சிரம்டா. முழுசா."