கக்குவான் இருமல்: பெற்றோர் கவனத்துக்கு

வணக்கம். பிள்ளைக்கு இரண்டு வாரமாகியும் இருமல் நின்றபாடில்லை என்றால், மருந்துக்கடை சிரப்போடு விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். கக்குவான் முதல் வாரம் வெறும் மூக்கொழுகலாகத்தான் தெரியும். ஆனால் தொற்றுவது அப்போதே தொடங்கிவிடும். பிறகுதான் ராத்திரியில் விடாமல் இருமி, முகம் சிவந்து, மூச்சை இழுக்கும்போது 'ஊப்' என்று சத்தம் வரும். இருமி முடித்ததும் சிலர் வாந்தி எடுப்பார்கள்.

எனக்குப் பெரிய கவலை வீட்டில் இருக்கும் கைக்குழந்தைகள்தான். அவர்களுக்கு இருமலே இல்லாமல் மூச்சு விட்டுவிட்டு நிற்கலாம், உதடு நீலமாகலாம். அப்படித் தெரிந்தால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். கக்குவானைத் தடுக்கும் 6, 10, 14 வார பென்டாவேலன்ட் ஊசி, 16–24 மாத டிபிடி பூஸ்டர் எல்லாம் பெரும்பாலும் போட்டிருப்பீர்கள். ஸ்கூல் சேர்க்கும் அலைச்சலில் விட்டுப்போவது 5–6 வயது பூஸ்டர்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போடுகிறார்கள். 7 வயது தாண்டியிருந்தால் எந்த ஊசி என்று டாக்டரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகள், கக்குவானையும் தடுக்கும் டிடாப் ஊசி பற்றி உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் பேசுங்கள்.

கக்குவான் என்று உறுதியானால், ஆன்டிபயாடிக் தொடங்கி 5 நாள் முடியும்வரை பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்ப வேண்டாம். வகுப்பு ஆசிரியருக்கும் உடனே சொல்லிவிடுங்கள். பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகளின் வீட்டுக்குத் தகவல் போக வேண்டும்.