அப்பாவுக்கு, ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து

லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்,
ஜூலை மாதம்.

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம், அங்கு அனைவரின் நலமறிய ஆவல். நீங்கள் சொல்லச் சொல்லச் செல்வி எழுதிய கடிதம் வந்தது. பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை என்று கோபப்பட்டிருக்கிறீர்கள். கோபப்படுங்கள், நியாயம்தான். ஆனால் "காற்றில் தண்ணீர் பார்க்கிறவனுக்குச் சம்பளமா?" என்று சித்தப்பா சிரித்ததற்கு மட்டும் பதில் சொல்லாமல் விடமாட்டேன்.

காற்றிலும் வாயுவிலும் எவ்வளவு ஈரம் என்று அளப்பது, உப்பளத்தில் நீங்கள் உப்புநீரின் அடர்த்திக்கு டிகிரி பார்ப்பது மாதிரியான வேலைதான். 25ஐத் தொட்டால் உப்பு இறங்கும் என்பீர்கள், அதற்குமேல் பேச்சில்லை. இங்கோ ஒரே ஈரத்தை ஆளுக்கொரு கணக்கில் கேட்கிறார்கள். ரேடியோவில் சொல்லும் ஈரப்பதச் சதவீதத்தை எங்கள் பட்டறையில் யாரும் மதிப்பதில்லை. இங்கே இப்போது குளிர்காலம்; விடியற்காலையில் வெளியே வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரி, புல்லெல்லாம் உறைபனி, ஈரப்பதம் 100 சதவீதம். அதே காற்றை அறைக்குள் விட்டு 20 டிகிரிக்குச் சூடாக்கினால் 26 சதவீதம்தான். ஒரு சொட்டுத் தண்ணீரும் எங்கும் போகவில்லை. சூடான காற்றுக்கு ஈரத்தைத் தாங்கும் கொள்ளளவு கூடிவிட்டது, அவ்வளவுதான். உதடு வெடிப்பதும் அதனால்தான். ஹீட்டர் தண்ணீரைக் குடிக்கிறது என்று அடித்துச் சொல்லும் பக்கத்து வீட்டுப் பாட்டி, நான் இல்லாதபோது ஈரத் துண்டைக் கொண்டுவந்து என் கட்டில்மேல் போட்டுவிட்டுப் போகிறார். அவரிடம் சாவி எப்படிப் போனது என்று கேட்காதீர்கள்.

அதனால் நாங்கள் பனிநிலையைச் சொல்வோம். சிறு கண்ணாடியை மெல்லக் குளிரவைத்து, அதன்மேல் வாயுவை ஓடவிட்டு, எந்த வெப்பநிலையில் முதல் பனி படிகிறதென்று ஒளியைக் கொண்டு பார்ப்பது. நல்ல உலர்வாயுவில் −40 டிகிரி வரை இறங்கும். அங்கேயும் ஒரு சிக்கல். −40இல் உறைபனி படிகிறது என்றால், கடல்மட்ட அழுத்தத்தில் பத்து லட்சம் பங்கு வாயுவில் நீராவி 127 பங்கு. ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கும் மேலே, காற்றழுத்தம் குறைவு. இங்கே அதே −40க்கு 150 பங்கைத் தாண்டிவிடும். அழுத்தத்தை எழுதாமல் வரும் அறிக்கையை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். சித்தப்பா நம்பமாட்டார்: வாயுவைக் கொண்டுவரும் குழாய்க்குள் வெளியைவிட ஏழு மடங்கு அழுத்தம் இருந்தாலும், நைலான் குழாய் என்றால் வெளி ஈரம் அதன் சுவர் வழியே உள்ளே ஊறிவிடும். வாயு அழுத்தம் உள்ளே அதிகம். நீராவியின் அழுத்தமோ வெளியில்தான் அதிகம். ஆகவே எங்கும் எவர்சில்வர் குழாய்தான்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. அம்மாவிடம் சொல்லுங்கள், எடை குறையவில்லை. அந்தப் பக்கத்து வீட்டுப் பாட்டியின் முன்னோர் இந்நாட்டின் கிழக்குக் கரையிலுள்ள நேட்டாலுக்குக் கரும்பு வெட்ட வந்தவர்கள். தமிழ் பேச வராது, முருகன் பாட்டு மட்டும் முழுதாக வரும். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியபோது எனக்கும் ஒரு செம்பு கொடுத்தார். புளித்த கூழ் தொண்டையில் இறங்கியதும், உப்புத் தண்ணீர் நாற்றமும், வெயிலில் கண்கூசும் பாத்திகளும், அம்மா தூக்குவாளியோடு வரப்பில் நடந்து வருவதும்... மீதியைக் குடிக்க முடியவில்லை. புளிப்பு அதிகம் என்று பாட்டியிடம் சொல்லிவிட்டேன்.

இந்த மாதப் பணம் கொஞ்சம் தாமதமாகும், குறைவாகவும் இருக்கும். வங்கியில் ஏதோ சிக்கல், வேறொன்றுமில்லை. கேஸ் சிலிண்டர் எடுக்கவும் அளத்துக் கூலிக்கும் சித்தப்பாவிடம் வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கு நான் தீர்க்கிறேன்.

செல்விக்கு வந்த ஏரல் வரன் பற்றி எழுதியிருந்தீர்கள். பையன் வேலை நிரந்தரமா என்று மாமாவை நேரில் விசாரிக்கச் சொல்லுங்கள். அவள் படிப்பை முடிக்கட்டும். தை வரை பொறுக்கச் சொன்னால் பொறுக்காதவர்கள் நமக்கு வேண்டாம். கிழக்குப் பாத்தியைக் குத்தகைக்கு விடுகிற பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் குவித்த உப்பை விற்றுவிடுங்கள். விலை ஏறும் என்று காத்திருந்தால், ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும் நாளில் அது தானாகவே கரையத் தொடங்கும். இந்த ஒரு விஷயத்துக்கு ரேடியோ சொல்லும் சதவீதமே போதும்.

அம்மாவின் மூட்டு வலிக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதவேயில்லையே. செல்வியை உடனே எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்,
முத்து